அப்டேட்டுக்குப் பின் திறக்காத உள்நுழைவுத் திரை

2025 டிசம்பரில் ஆர்ச் லினக்ஸ் குழு தன் பயனர்களுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. என்விடியா டிரைவரின் 590 பதிப்பு பாஸ்கல் தலைமுறை அட்டைகளையும் அதற்கு முந்தையவற்றையும் கைவிட்டுவிட்டது. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசை அட்டை வைத்திருப்பவர்கள் வழக்கம்போல் அப்டேட் செய்தால் டிரைவர் ஏறாது, வரைகலைச் சூழலே வராமல் போகலாம். அவர்கள் தாமாகவே பழைய 580 வரிசைக்கு மாறிக்கொள்ள வேண்டும். இதுதான் அறிவிப்பின் சாரம். அதைப் படிக்காமல் அப்டேட் செய்து மறுதொடக்கம் செய்தவர் முன்னால் கறுப்புத் திரைதான் இருந்திருக்கும். கணினி கெடவில்லை, கோப்புகள் ஒன்றும் அழியவில்லை, வன்தட்டில் எல்லாம் அப்படியே இருக்கின்றன. உள்ளே போகும் வழி மட்டும் அடைபட்டுவிட்டது.

லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்களை இதைப்போல் மனம் தளரச் செய்யும் கோளாறு வேறில்லை. வலைத் தொடர்பு வேலை செய்யாவிட்டாலோ ஒலி வராவிட்டாலோ டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து தேடலாம். இங்கே உட்கார இடமே இல்லை. அதனால் பலர் முழு அமைப்பையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். சிலர் லினக்ஸையே விட்டுவிடுகிறார்கள். இந்தக் கோளாறு எங்கெங்கே பிறக்கிறது, வழக்கமாகச் சொல்லப்படும் பரிகாரங்களில் எது தேறும், எது தேறாது என்று மொத்தமாகப் பார்த்தால் ஒன்று உறுதிப்படுகிறது: காரணம் ஏறக்குறைய எப்போதும் கணினிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டதைப் பயனர் பார்க்கும் திரைக்குக் கொண்டுவராததுதான் பெரிய குறை.

பொறுப்பு கைமாறும் வரிசை

கணினியை இயக்கியதும் கிரப் என்னும் பூட் நிரல் கெர்னலை ஏற்றுகிறது. கெர்னல் திரை அட்டையின் டிரைவரை எழுப்புகிறது. திரையின் அளவையும் தெளிவையும் அமைக்கும் வேலை 2009-இல் வந்த 2.6.29 பதிப்பு முதல் படிப்படியாகக் கெர்னலுக்குள் வந்துவிட்டது. அடுத்து சிஸ்டம்டி மற்றச் சேவைகளைத் தொடங்கி, முடிவில் டிஸ்ப்ளே மேனேஜர் எனப்படும் நிரலைக் கிளப்புகிறது. நம் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் திரை இதனுடையது. க்னோமுக்கு ஜிடிஎம், கேடிஇ பிளாஸ்மாவுக்கு எஸ்டிடிஎம், லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் லைட்டிஎம். எல்லாவற்றுக்கும் மூத்தது 1988-இல் எக்ஸ் சாளர அமைப்போடு வந்த எக்ஸ்டிஎம்.

கடவுச்சொல் சரியா என்பதை டிஸ்ப்ளே மேனேஜர் தானாக முடிவு செய்வதில்லை. பாம் என்னும் தனி அமைப்பிடம் கேட்கிறது. பாம் தலையசைத்ததும் லாகின்டி ஒரு செஷனைப் பதிவு செய்கிறது. பயனரின் ஷெல் அவருடைய தொடக்கக் கோப்புகளைப் படிக்கிறது. அதன் பிறகுதான் எக்ஸ் சர்வரோ வேலண்ட் கம்பாசிட்டரோ எழுந்து டெஸ்க்டாப்பை வரையத் தொடங்குகிறது.

இவை ஒவ்வொன்றையும் வெவ்வேறு குழுவினர் வெவ்வேறு கால அட்டவணையில் எழுதுகிறார்கள். பெரிய அப்டேட் ஒன்றில் இவற்றில் நாலைந்து ஒரே இரவில் மாறிவிடும். ஒன்றிடமிருந்து அடுத்தது பொறுப்பை வாங்கிக்கொள்ளும் இடங்களில்தான் பெரும்பாலும் தடுக்குகிறது. டிஸ்ப்ளே மேனேஜரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்லும் அறிவுரை இதனால்தான் பெரும்பாலும் பலிப்பதில்லை. கோளாறு அதற்கு முன்னால் டிரைவரிலோ, அதற்குப் பின்னால் பயனரின் வீட்டு அடைவிலோ இருக்கும். நடுவில் நிற்கும் நிரல் பழியை மட்டும் வாங்கிக்கொள்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அப்டேட்டுக்குப் பின் நடந்தது என்பதாலேயே அப்டேட்டால் நடந்தது என்று ஆகிவிடாது. மடிக்கணினியை மூடுவதும் திறப்பதுமாக வாரக்கணக்கில் ஓட்டுகிறோம். இடையில் ஏதோ ஒரு வழிகாட்டியைப் பார்த்துத் தொடக்கக் கோப்பு ஒன்றில் இரண்டு வரி சேர்த்திருப்போம். அந்த வரிகள் அடுத்த முறை உள்நுழையும்போதுதான் படிக்கப்படும். அப்டேட் மறுதொடக்கம் கேட்கிறது, செய்கிறோம், பழைய பிழை அன்று வெளிப்படுகிறது. அப்டேட் பட்டியலில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லையென்றால், கடைசியாக எப்போது மறுதொடக்கம் செய்தோம், அதற்குப் பின் கையால் என்னென்ன மாற்றினோம் என்று யோசிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

எந்த இடத்தில் நிற்கிறது

எந்த மாற்றமும் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஃப்3 விசையைத் தட்டினால் எழுத்து மட்டும் கொண்ட கறுப்புத் திரை ஒன்று திறக்கிறதா? திறந்து, அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போக முடிந்தால், கெர்னல் ஓடுகிறது, வன்தட்டு படிக்கப்படுகிறது, கடவுச்சொல் சரி, பயனர் கணக்கு இருக்கிறது என்று நான்கு உண்மைகள் ஒரே அடியில் கிடைத்துவிடும். பயமும் பாதி குறையும். சேமித்த கோப்புகளை அங்கிருந்தே வேறு வட்டுக்குப் படியெடுக்கவும் முடியும்.

அந்தத் திரையும் வராவிட்டால், கணினி தொடங்கும்போது கிரப் பட்டியலுக்குப் போக வேண்டும். பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்ட் விசை, யூஈஎஃப்ஐ கணினிகளில் எஸ்கேப். பட்டியலில் முந்தைய கெர்னல் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதே முதல் சோதனை. ஃபெடோரா இயல்பாக மூன்று கெர்னல்களை வைத்திருக்கிறது. உபுண்டுவும் முந்தையதை வைத்திருக்கும். ஆர்ச் புதியதை வைத்ததும் பழையதை எடுத்துவிடுகிறது. ஆகவே அங்கே நீண்டகால ஆதரவுக் கெர்னலையும் உடன் நிறுவி வைப்பது கட்டாயம் என்றே சொல்வேன். பழைய கெர்னலில் எல்லாம் சரியாக வந்துவிட்டால், புதிய கெர்னலையோ அதனோடு சேராத டிரைவரையோ சந்தேகிக்கலாம். தேடும் பரப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

இதற்குப் பின், திரையில் காண்பதைக் கொண்டு வழக்குகளைப் பிரிக்கலாம். உள்நுழைவுத் திரையே வராதது ஒரு வகை. வந்து, கடவுச்சொல்லை ஏற்று, மறுகணம் அதே திரைக்குத் திருப்பி அனுப்புவது இன்னொன்று. கடவுச்சொல்லையே மறுப்பது மூன்றாவது. உள்ளே விட்டு டெஸ்க்டாப்பை உடைந்த நிலையில் காட்டுவது கடைசி. முதல் இரண்டும் அதிகம் நேர்கின்றன, அதிகம் தவறாகவும் புரிந்துகொள்ளப்படுகின்றன.

திரையே வராதபோது

இங்கே குற்றவாளி பெரும்பாலும் திரை அட்டையின் டிரைவர். இன்டெல், ஏஎம்டி அட்டைகளுக்கான டிரைவர்கள் கெர்னலின் மூலநிரலோடு சேர்ந்தே வளர்கின்றன. கெர்னல் மாறினால் அவையும் கூடவே மாறும். என்விடியாவின் டிரைவர் வெளியிலிருந்து வருவது. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதைத் தனியே கட்டித் தர வேண்டும். 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் பகுதியைத் திறமூலமாக வெளியிட்டது. ஆனால் அது 2018-இல் வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான் பொருந்தும், கெர்னலுக்கு வெளியே இருப்பது என்ற நிலையும் அப்படியே இருக்கிறது.

கட்டும் வேலையைப் பார்த்துக்கொள்வது டிகேஎம்எஸ். 2003 வாக்கில் டெல் நிறுவனம் உருவாக்கிய இந்த ஏற்பாடு, புதிய கெர்னல் வந்ததும் டிரைவரைப் புதிதாகத் தொகுக்கிறது. தொகுக்க அந்தக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் தேவை. அவை நிறுவப்படாமல் இருந்தாலோ, டிரைவர் பழையதாகி புதிய கெர்னலின் உள்மாற்றங்களோடு ஒத்துப்போகாவிட்டாலோ, தொகுப்பு தோற்கும். அப்டேட் ஓடும்போது பறக்கும் நூற்றுக்கணக்கான வரிகளில் அந்தத் தோல்வியும் ஒரு வரியாகப் போய்விடுகிறது. மறுதொடக்கம் செய்யும்போதுதான் விளைவு தெரிகிறது. டெர்மினலில் டிகேஎம்எஸ் நிலையைக் கேட்டால், எந்தக் கெர்னலுக்கு டிரைவர் இருக்கிறது, எதற்கு இல்லை என்பது சில வரிகளில் வந்துவிடும்.

தொகுப்பு வென்றும் டிரைவர் ஏறாமல் போகலாம். செக்யூர் பூட் இயங்கும் கணினியில், நம்பத்தக்க கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. உபுண்டு இதற்காக நிறுவும்போது ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அடுத்த தொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வரும். அங்கே சாவியைப் பதிவு செய்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். சில நொடிகளே நிற்கும் அந்தத் திரையில் என்ன கேட்கிறது என்று புரியாமல் தொடர்க என்பதை அழுத்திவிடுவோர் மிகப் பலர். சாவி பதிவாவதில்லை, டிரைவர் ஏறுவதில்லை. கையால் ஏற்றிப் பார்த்தால் சாவி நிராகரிக்கப்பட்டது என்று கெர்னல் தெளிவாகவே பதில் சொல்கிறது. செக்யூர் பூட்டை அணைத்துவிடச் சொல்வது சுலபமான அறிவுரை. சாவியை மறுபடி பதிவு செய்வது சரியான அறிவுரை, அதற்கு ஆகும் நேரமும் அதிகமில்லை.

டிரைவரின் இரு பாதிகள் ஒன்றையொன்று அறியாமல் நிற்பதும் உண்டு. அப்டேட் நூலகப் பகுதியைப் புதுப்பித்துவிட்டது, நினைவகத்தில் ஏறியிருக்கும் கெர்னல் பகுதி பழையது. இந்த நிலையில் வெளியேறி மறுபடி நுழைய முயன்றால் பதிப்புகள் பொருந்தவில்லை என்று மறுக்கும். இதற்கு மறுதொடக்கம் ஒன்றே போதும். வேறு எதையும் தொட வேண்டாம்.

என்விடியா மட்டுமே இப்படிச் செய்கிறது என்று நினைப்பது நியாயமல்ல. 2016 ஏப்ரலில் உபுண்டு 16.04 வந்தபோது ஏஎம்டியின் மூடிய டிரைவரான எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் கைவிடப்பட்டது. அதை நம்பியிருந்தவர்கள் திறமூல டிரைவர்களுக்கு மாற வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அந்த மாற்றமே ஏஎம்டி அட்டைகளை லினக்ஸில் தொல்லையற்றவையாக்கியது.

இந்த வகைக்குப் பரவலாகச் சொல்லப்படும் பரிகாரம், கெர்னலுக்கு நோமோட்செட் என்ற சொல்லைக் கொடுப்பது. கிரப் பட்டியலில் ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் அதைச் சேர்த்தால், டிரைவர்கள் திரையைத் தொடாமல் அடிப்படைக் காட்சியோடு கணினி எழும். உள்ளே போய்ப் பழுது பார்க்க அது நல்ல வழி. நிரந்தரமாக விட்டுவைப்பது தவறு. வரைகலை வேகம் போய்விடும், திரையின் முழுத் தெளிவு கிடைக்காது, வெளித்திரைகள் வேலை செய்யாது. அதையே நிரந்தரத் தீர்வாக எழுதிவைத்திருக்கும் வழிகாட்டிகள் வாசகருக்குத் தீங்கு செய்கின்றன.

வேகமான கணினிகளில் மட்டும் தோன்றும் நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. டிரைவர் தயாராவதற்கு முன்பே டிஸ்ப்ளே மேனேஜர் கிளம்பிவிடுகிறது, திரை அட்டை தெரியாமல் விழுந்துவிடுகிறது. ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. எழுத்துத் திரைக்குப் போய் டிஸ்ப்ளே மேனேஜரை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடுகிறதென்றால் இதுதான் காரணம். டிரைவரை ஆரம்ப நினைவகப் படிமத்திலேயே சேர்த்துவிட்டால் போட்டி முடிந்துவிடும்.

டிரைவருக்குச் சம்பந்தமே இல்லாத சாதாரணக் காரணங்களும் உண்டு. பூட் பகிர்வு தனியாக, சிறியதாக இருந்து பழைய கெர்னல்களால் நிரம்பிவிட்டால், புதிய கெர்னலின் தொடக்கப் படிமம் அரைகுறையாக எழுதப்படும். அப்டேட் பாதியில் நின்றிருந்தால் பொதிகள் அரைகுறை நிலையில் கிடக்கும். டெபியன் குடும்பத்தில் டிபிகேஜி-யிடம் மிச்ச அமைப்பு வேலையை முடிக்கச் சொன்னாலே போதுமானதாக இருக்கும். பொதி முரண்பாட்டைத் தீர்க்கப் பொதி மேலாளர் டெஸ்க்டாப்பையே நீக்கிவிடுவதும் நடக்கும். 2021 நவம்பரில் காணொளித் தயாரிப்பாளர் லினஸ் செபாஸ்டியன் தன் தொடருக்காகப் பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீமை நிறுவப்போய் டெஸ்க்டாப் முழுவதையும் இழந்தது உலகமே பார்த்த நிகழ்ச்சி. நீக்கப்போகும் பொதிகளின் பட்டியலைப் பொதி மேலாளரான ஏபிடி காட்டியது, ஆபத்து என்றும் சொன்னது. எச்சரிக்கை நீளமாக இருந்தால் யாரும் படிப்பதில்லை. அதன் பிறகு ஏபிடி-யே மாற்றப்பட்டு, அப்படிப்பட்ட நீக்கத்தை எளிதில் அனுமதிக்காதபடி இறுக்கப்பட்டது.

உள்ளே விட்டு வெளியே தள்ளும்போது

கடவுச்சொல் ஏற்கப்படுகிறது. திரை ஒரு கணம் இருள்கிறது. மறுபடியும் அதே உள்நுழைவுத் திரை, ஒரு சொல் விளக்கம் இல்லாமல். ஆங்கிலத்தில் லாகின் லூப் என்று பெயர் பெற்ற இந்த நிலைதான் மிகவும் கொடுமையானது, ஏனென்றால் பயனர் தன்னையே சந்தேகிக்கத் தொடங்குகிறார். கடவுச்சொல் தவறாக இருந்தால் திரை அப்படிச் சொல்லியிருக்கும். திரும்பி வந்தது என்றாலே அது சரி என்றுதான் பொருள். செஷன் தொடங்கியது, தொடங்கியவுடன் செத்தது. கோளாறு கிட்டத்தட்ட எப்போதும் அந்தப் பயனரின் வீட்டு அடைவிலோ அவர் செஷனுக்குத் தேவையான ஒன்றிலோ இருக்கிறது. எழுத்துத் திரையிலிருந்து புதிய பயனர் ஒருவரை உருவாக்கி, அவர் பெயரில் வரைகலையில் நுழைந்து பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். புதியவர் நுழைந்துவிட்டால், அமைப்பு முழுவதும் நலம், பழையவரின் கோப்புகளில்தான் ஏதோ இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது வட்டில் இடம் இருக்கிறதா என்பது. அப்டேட்கள் பழைய பொதிகளையும் பதிவேடுகளையும் குவித்து வட்டை நிரப்பிவிடும். செஷன் தொடங்கும்போது சில சிறு கோப்புகளை எழுத வேண்டும். எழுத இடமில்லை என்றால் செஷன் விழும். எழுத்துத் திரையில் நுழைய எதையும் எழுத வேண்டியதில்லை என்பதால் அங்கே மட்டும் நுழைய முடிகிறது. போதாக்குறைக்கு, எக்ஸ்ட்4 கோப்பு முறை இயல்பாக 5 விழுக்காடு இடத்தை ரூட் பயனருக்கென ஒதுக்கிவைக்கிறது. ரூட் எழுதிப் பார்த்தால் எல்லாம் சரிபோலவே தெரியும்.

அடுத்தது உரிமை. எக்ஸ் செஷன்களில், திரையோடு பேச அனுமதி பெறும் இரகசியச் சாவி எக்ஸ்-அத்தாரிட்டி என்னும் மறைகோப்பில் இருக்கும். ரூட் அதிகாரத்தோடு வரைகலை நிரல் ஒன்றை ஒரு முறை இயக்கிவிட்டால் அந்தக் கோப்பின் உரிமையாளராக ரூட் ஆகிவிடக்கூடும். பிறகு பயனரால் அதைத் தொட முடியாது. உபுண்டுவில் 19.10 பதிப்புக்கு முன்பு வரை சூடோ கட்டளை பயனரின் வீட்டு அடைவையே ரூட்டுக்கும் காட்டியதால் இது அடிக்கடி நேர்ந்தது. அந்தக் கோப்பை நீக்கச் சொல்லும் அறிவுரை அன்று பிறந்து இன்றும் சுற்றுகிறது. லைட்டிஎம் பயன்படுத்துபவர்களுக்கு அது இன்றும் பயன்படும். ஜிடிஎம் தன் சாவியை இயக்க நேர அடைவில் வைப்பதால், வீட்டில் கிடக்கும் பழைய கோப்பை நீக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை. வீட்டு அடைவில் ரூட்டுக்குச் சொந்தமாகிவிட்ட வேறு கோப்புகள் உண்டா என்று தேடுவது இரு சாராருக்கும் பொதுவான, உருப்படியான சோதனை. தற்காலிகக் கோப்புகளுக்கான பொது அடைவின் அனுமதி கெட்டிருந்தாலும் இதே விளைவு வரும். எல்லாரும் எழுதலாம், தன்னுடையதை மட்டுமே நீக்கலாம் என்ற நிலையில், அதாவது 1777 என்ற அனுமதியில், அது இருக்க வேண்டும்.

நான் மிக அதிகம் சந்தேகிப்பது தொடக்கக் கோப்புகளைத்தான். செஷன் தொடங்கும்போது ப்ரொஃபைல் என்னும் மறைகோப்பு படிக்கப்படுகிறது. அதில் ஷெல்லை மாற்றும் எக்ஸெக் வரி ஒன்று இருந்தால், டெஸ்க்டாப்பைத் தொடங்கியிருக்க வேண்டிய ஷெல் அந்த இடத்திலேயே வேறொன்றாக மாறி, வேலையை மறந்து முடிந்துவிடும். வெளியேறு என்ற கட்டளை இருந்தாலும் அதே கதை. பாத் மாறியைத் தவறாக எழுதி, கணினியின் அடிப்படை நிரல்கள் இருக்கும் இடங்களையே அதிலிருந்து தொலைத்துவிடுவது இன்னும் சகஜம். குறிப்பாக, அமைப்பு முழுமைக்குமான என்வைரன்மென்ட் கோப்பு ஷெல் நிரல் அன்று. அதில் பழைய பாத்தோடு புதியதைச் சேர் என்று டாலர் குறியோடு எழுதினால், அது விரிவடையாமல் வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். அடுத்த உள்நுழைவில் க்னோம் செஷன் நிரல் எங்கே என்றே கணினிக்குத் தெரியாது. எழுத்துத் திரையில் நுழைந்தபின் எல் எஸ் போன்ற சாதாரணக் கட்டளைகளே கிடைக்கவில்லை என்றால் இதுதான் நோய்.

கடைசியாக, தேர்ந்தெடுத்த செஷனே இல்லாமல் போவது. எக்ஸிலிருந்து வேலண்டுக்கு நடக்கும் மாற்றம் இதை அதிகமாக்கியிருக்கிறது. 2008-இல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட், 2016-இல் ஃபெடோரா 25-இல் இயல்பானது. உபுண்டு 17.10-இல் ஏற்று, 18.04-இல் பின்வாங்கி, 21.04-இல் மறுபடி ஏற்றது. பிளாஸ்மா 6 அதை 2024-இல் இயல்பாக்கியது. 2025-இல் ரெட் ஹாட்டின் 10-ஆம் பதிப்பு எக்ஸ்ஆர்க் சர்வரையே நீக்கியது. அதே ஆண்டு உபுண்டு 25.10-இல் க்னோமின் எக்ஸ் செஷன் மறைந்தது. பல ஆண்டுகளாக எக்ஸ் செஷனைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தவர் புதிய பதிப்புக்கு ஏறியதும், அவர் எக்ஸுக்கென எழுதிவைத்த தொடக்கக் கோப்புகளும் திரை அமைப்புகளும் செல்லாமல் போகின்றன. மாற்றம் தேவையானது என்றே கருதுகிறேன். எக்ஸ்11 வெளிவந்தது 1987-இல். ஒரு நிரலின் விசைத் தட்டல்களை இன்னொரு நிரல் ஒட்டுக்கேட்க முடிகிற அமைப்பை இன்னும் எத்தனை ஆண்டு சுமப்பது? ஆனாலும் உள்நுழைவுத் திரையின் மூலையில் உள்ள பற்சக்கரக் குறியைத் தட்டி வேறு செஷனைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. லூப்பில் சிக்கியவர் செய்ய வேண்டிய மிகச் சுலபமான சோதனை அதுதான்.

கடவுச்சொல்லையே மறுத்தால்

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் முதலில் விசைப்பலகையைப் பார்க்க வேண்டும். தமிழ்99-ஐயோ இன்ஸ்கிரிப்டையோ முதல் அமைப்பாக வைத்திருந்து, அப்டேட் உள்நுழைவுத் திரையின் வரிசையை மாற்றிவிட்டால், தட்டுவது தமிழ் எழுத்தாகப் போகும். திரையில் தெரிவதோ புள்ளிகள் மட்டுமே. எழுத்துத் திரையில் ஏற்கப்படும் கடவுச்சொல் வரைகலைத் திரையில் மறுக்கப்படுகிறதென்றால் இதைத்தான் நினைக்க வேண்டும். மூலையில் மொழிக்குறி இருக்கும், மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது பூட்டு. பாமின் ஃபெய்ல்லாக் பகுதி, இயல்பான அமைப்பில், மூன்று தவறான முயற்சிகளுக்குப் பின் கணக்கை 10 நிமிடம் பூட்டிவிடுகிறது. அதற்குள் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் தவறு என்றே பதில் வரும். பதறிப்போய் மறுபடி மறுபடி முயல்பவருக்குக் கணக்கே கெட்டுவிட்டதாகத் தோன்றும். இந்தப் பகுதி வந்த வழியும் கவனிக்கத்தக்கது. 2020-இல் வந்த பாம் 1.4.0 தன் பழைய எண்ணிக்கைப் பகுதிகளை ஓரங்கட்டி ஃபெய்ல்லாக்கைக் கொண்டுவந்தது. பயனர் கையால் திருத்திய அமைப்புக் கோப்பைப் பொதி மேலாளர் மேலெழுதாமல், புதியதைப் பக்கத்தில் வேறு பின்னொட்டோடு வைத்துவிட்டுப் போவது ஆர்ச்சின் வழக்கம். அதை இணைக்காமல் விட்டால் பழைய கோப்பு இல்லாத பகுதியைக் கூப்பிடும், பாம் எல்லாரையும் மறுக்கும். டெபியனும் ஃபெடோராவும் இதே ஏற்பாட்டைத் தத்தம் வழியில் செய்கின்றன. ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பின்னும் அப்படி ஒதுங்கிக் கிடக்கும் கோப்புகளைத் தேடி இணைப்பது சலிப்பான வேலை. செய்யாமல் விட்டால் என்றாவது ஒருநாள் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

ஃபெடோராவில் எஸ்இலினக்ஸ் என்னும் பாதுகாப்பு அமைப்பு கோப்புகளுக்கு இடும் குறிகள் மாறியிருந்தாலும் மறுப்பு வரலாம். தொடக்க வரியில் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தி நுழைய முடிந்தால், எல்லாக் கோப்புகளுக்கும் குறிகளை மறுபடி இடச் சொல்ல வேண்டும்.

உள்ளே போனபின் டெஸ்க்டாப் உடைந்து தெரிவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. க்னோமில் பெரும்பாலும் நீட்டிப்புகள்தான் காரணம். 2023 செப்டம்பரில் க்னோம் 45 வந்தபோது நீட்டிப்புகள் எழுதப்படும் முறையே மாறி, பழையவை எல்லாம் ஒரே நாளில் செல்லாமல் போயின. பிளாஸ்மா 6-க்கு மாறியவர்களுக்கு எஸ்டிடிஎம்மின் பழைய தோற்றங்கள் இதே தொல்லையைக் கொடுத்தன. நீட்டிப்புகளை அணைத்தோ தோற்றத்தை இயல்புநிலைக்கு மாற்றியோ பார்த்தால் போதும்.

எழுதப்பட்டதும் காட்டப்படாததும்

மேலே சொன்ன காரணங்களில் ஒன்றைக்கூட ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சிஸ்டம்டியின் பதிவேட்டை ஜர்னல்சிடிஎல் கட்டளையால் திறந்து, இந்தத் தொடக்கத்தில் நேர்ந்த பிழைகளை மட்டும் காட்டச் சொல்லலாம். முந்தைய தொடக்கத்தினுடையதையும் கேட்கலாம். எக்ஸ் சர்வரின் பதிவில் இரண்டு ஈ எழுத்துகளோடு நிற்கும் வரிகள் பிழைகள். 2014-க்குப் பின் ரூட் அதிகாரமின்றி ஓடும் எக்ஸ் தன் பதிவை வீட்டு அடைவுக்குள் எழுதக்கூடும் என்பதால் இரு இடத்திலும் பார்க்க வேண்டும். என்னென்ன பொதி எந்த மணிக்கு மாறியது என்பதை ஏபிடி, டிஎன்எஃப், பேக்மேன் ஆகிய பொதி மேலாளர்கள் மூன்றுமே எழுதிவைக்கின்றன. பிழைப் பதிவையும் பொதி மாற்றப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோளாறு தொடங்கிய நேரத்தையும் மாற்றம் நேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டால், பெரும்பாலான வழக்குகளில் சந்தேகம் ஒன்றிரண்டு பெயர்களுக்குள் அடங்கிவிடும்.

மறுபடி நிறுவுவதை நான் எதிர்ப்பது இதனால்தான். அது தடயங்களை அழிக்கிறது. வீட்டு அடைவைத் தனிப் பகிர்வில் காப்பாற்றி வைத்துக்கொண்டு நிறுவினால், கெட்ட தொடக்கக் கோப்பும் கூடவே காப்பாற்றப்பட்டு, புதிய அமைப்பிலும் அதே லூப் வரும்.

முந்தைய நிலைக்குத் திரும்பும் வசதி இதைவிட நல்ல பதில். ஓப்பன்சூசே 2014-இல் 13.2 பதிப்பு முதல் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையையும் அமைப்பின் நிலையைச் சேமித்துவைக்கும் ஸ்னாப்பரையும் இயல்பாக்கியது. அப்டேட்டுக்கு முன் எடுத்த நிலையைக் கிரப் பட்டியலிலேயே தேர்ந்தெடுக்கலாம். லினக்ஸ் மின்ட் 2017 முதல் அதே வேலையைச் செய்யும் டைம்ஷிஃப்டை முன்னிறுத்துகிறது. ஃபெடோரா சில்வர்ப்ளூவும் நிக்ஸ்ஓஎஸ்ஸும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு அப்டேட்டையும் முழுப் புதிய அமைப்பாகவே கட்டி, பழையதை அப்படியே வைத்திருக்கின்றன. டிரைவரால், கெர்னலால், பொதிகளால் வரும் கோளாறுகளுக்கு இவை அருமருந்து. ஆனால் இவை பெரும்பாலும் வீட்டு அடைவைத் தொடுவதில்லை, தொடக்கூடாது. ஆகவே உள்ளே விட்டு வெளியே தள்ளும் வகையில் பெரும்பகுதி இவற்றுக்கும் அடங்காது. அங்கே பயனருக்கு வேண்டியது பின்வாங்கும் வழியல்ல, என்ன நடந்தது என்ற தகவல்.

அந்தத் தகவலைக் கொடுப்பது முடியாத காரியமல்ல. க்னோம் 2 காலத்து ஜிடிஎம் அதைச் செய்தது. செஷன் பத்து நொடிகூட நிலைக்காமல் முடிந்தால் ஒரு பெட்டி எழும்: நீங்களாக வெளியேறவில்லை என்றால் நிறுவலில் ஏதோ கோளாறு இருக்கலாம், வட்டில் இடம் தீர்ந்திருக்கலாம், பாதுகாப்புச் செஷனில் நுழைந்து பாருங்கள் என்று சொல்லும். பிழைப் பதிவை அங்கேயே திறந்து காட்டும் வசதியும் இருந்தது. பின்னால் ஜிடிஎம் அடியோடு மாற்றி எழுதப்பட்டபோது அந்தப் பெட்டி திரும்பி வரவில்லை. பிளாஸ்மாவின் திரைப்பூட்டு இன்றும் இந்த நேர்மையைக் கடைப்பிடிக்கிறது. அப்டேட்டின் நடுவில் அது உடைந்துவிட்டால், தான் உடைந்துவிட்டதையும், எந்த விசைகளை அழுத்தி எந்தத் திரைக்குப் போய் எந்தக் கட்டளையைக் கொடுத்தால் பூட்டு திறக்கும் என்பதையும் திரையிலேயே எழுதிக்காட்டுகிறது.

கேடிஇ குழு இப்போது எஸ்டிடிஎம்முக்குப் பதிலாகப் பிளாஸ்மா லாகின் மேனேஜர் என்னும் புதிய நிரலை எழுதிவருகிறது. ஜிடிஎம்மும் எக்ஸை உதறிவிட்டுப் புதிய நிலைக்கு நகர்கிறது. உள்நுழைவு நிரல்கள் திறந்து கிடக்கும் இந்த வேளையில் மூன்று வரிகளைச் சேர்க்கலாம்: செஷன் தொடங்கி உடனே முடிந்துவிட்டது, பதிவேட்டில் கடைசியாக நின்ற பிழை இது, எழுத்துத் திரைக்குப் போக இந்த விசைகள். இவற்றைக் காட்டத் தேவையான எல்லாமே சிஸ்டம்டியின் பதிவேட்டில் ஏற்கனவே இருக்கின்றன. உள்நுழைவுத் திரை அதைப் படித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.